எந்தப் பனியாற்றைப் பார்ப்பது?

கோடை விடுமுறை நெருங்கினால் நம் சங்கத்து அன்பர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்பது இது: "வடக்கே போகலாம் என்றிருக்கிறோம் சார். கிளேசியர் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிக்கிறார்கள். எங்கே போகலாம்?" சில ஆண்டுகளாக இதே கேள்வி வேறு உருவத்திலும் வருகிறது. மகனோ மகளோ சியாட்டிலில் வேலையில் இருக்கிறார்கள். பெற்றோரை வரவழைத்து, அலாஸ்காவுக்குக் கப்பலில் அழைத்துப் போக ஆசைப்படுகிறார்கள். கப்பல் கம்பெனி அனுப்பிய தாளில் நாலைந்து வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு பனியாற்றின் பெயர். எதற்குப் பணம் கட்டுவது என்று தெரியாமல் அந்தத் தாளோடு என் வீட்டுக்கு வருகிறார்கள்.

இரு சாராருக்கும் நான் சொல்வது ஒன்றே. பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பனியாறு எந்த இடத்தில் முடிகிறது, முடியும் இடத்துக்கு நம்மை யார் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், அதற்கு முந்தைய இரவு எவ்வளவு உயரத்தில் தூங்க வேண்டும் - இந்த மூன்றையும் விசாரியுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் பெயர் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஞாயிறு தமிழ் வகுப்பில் "பனி" என்று நான் சொன்னால், புனேயில் பிறந்த பிள்ளைகள் விழிக்கிறார்கள். மராத்தியில் புல் நுனியில் இருப்பது 'தவ்', காலையில் கண்ணை மறைப்பது 'துகே', உறைந்து கட்டியாக இருப்பது 'பர்ஃப்'. நம் தமிழிலோ மார்கழிப் பனியும் பனி, இமயத்துப் பனியும் பனி. பள்ளியில் அவர்கள் 'ஹிம்நதீ' என்று படிப்பதுதான் நம் பாடநூல்களில் பனியாறு. இரண்டு மொழியிலும் 'ஆறு' என்ற சொல் வந்திருப்பதைக் கவனியுங்கள். அதில்தான் விஷயமே இருக்கிறது. பனியாறு நகர்கிறது.

மேலே மலையில் கோடையிலும் உருகி முடியாத அளவுக்கு வெண்பனி விழுகிறது. அடுத்த ஆண்டுப் பனி அதன் மேல் விழுகிறது. பல ஆண்டுகள் இப்படி அடுக்கடுக்காகச் சேர்ந்து, மேலுள்ள பாரத்தால் கீழுள்ள பனி அழுந்தி, இடையிலிருந்த காற்றெல்லாம் வெளியேறிக் கெட்டியான பனிக்கட்டியாகிறது. போதிய தடிமன் ஏறியதும் தன் எடையாலேயே அது பள்ளத்தாக்கில் மெல்ல இறங்கத் தொடங்குகிறது. மேலே சேருகிறது, கீழே உருகுகிறது. உருகி முடியும் இடம்தான் முகப்பு. நாம் பார்க்கப் போவது பெரும்பாலும் அந்த முகப்பைத்தான்.

இதைத் தெரிந்துகொண்டால் ஓர் ஏமாற்றத்தைத் தவிர்க்கலாம். மலைச்சாலைகளில் ஓரமாகக் கிடக்கும் அழுக்குப் பனிக்குவியலைக் காட்டி, "இதுதான் கிளேசியர், இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார் டிரைவர். அது பெரும்பாலும் குளிர்காலத்தில் சரிந்து விழுந்து மிச்சமிருக்கும் பனிச்சரிவு. ஆகஸ்டு மாதத்தில் போனால் இருந்த இடம் தெரியாது. ஊட்டியில் டிசம்பரில் புல்வெளி வெளுத்துக் கிடப்பது வெறும் உறைபனி. அதற்கும் பனியாற்றுக்கும் உறவே இல்லை.

நம்மவர்கள் அதிகமாகக் கேட்பது கங்கோத்ரி. பெயரே கங்கோத்ரி பனியாறு என்பதால், கங்கோத்ரி கோயிலுக்குப் போனால் பனியாறும் கண்ணுக்குத் தெரியும் என்று பலர் எண்ணுகிறார்கள். தெரியாது. கோயில் இருப்பது ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில். முகப்பான கோமுகம் அங்கிருந்து 18 கிலோமீட்டர் தள்ளி, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில். இடையில் மோட்டார் சாலை கிடையாது. வழியில் 9 கிலோமீட்டரில் சீர்பாசா, 14 கிலோமீட்டரில் போஜ்பாசா. போஜ மரம் என்பது பூர்ச்ச மரம். நாம் பனையோலையில் எழுதிய காலத்தில் வடக்கே அந்த மரத்தின் பட்டையில்தான் எழுதினார்கள். இன்று அந்த ஊர்ப் பெயரில்தான் மரம் அதிகம், மலைச்சரிவில் குறைவு.

இந்தப் பாதை தேசியப் பூங்காவுக்குள் போவதால் வனத்துறை அனுமதி வேண்டும். ஒரு நாளைக்கு 150 பேருக்கு மேல் விடுவதில்லை. ஆகவே கங்கோத்ரியில் போய் இறங்கி, மறுநாள் காலை கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். அனுமதியை முன்னதாகவே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நடந்து போனவர்களுக்கு என்ன கிடைக்கிறது? படங்களில் பார்க்கும் பளிங்கு போன்ற வெண்மையை எதிர்பார்த்தால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். நம் இமயத்துப் பனியாறுகளில் பலவும் இருபுறத்து மலைகளிலிருந்து உதிரும் கல்லையும் மண்ணையும் தலையில் சுமந்துகொண்டு வருகின்றன. நான் முதன்முதலாகப் பார்த்தபோது, ஏதோ பெரிய கல்குவாரி இடிந்து கிடப்பதுபோல் இருந்தது. கொஞ்சம் நின்று பார்த்தால்தான் கற்களுக்குக் கீழே வெட்டுப்பட்ட சுவர் போலப் பனிக்கட்டி தெரியும். அதன் பிளவுகளுக்குள் நீலம். கெட்டியான பனிக்கட்டி வெளிச்சத்தின் சிவப்புப் பகுதியை விழுங்கிவிட்டு நீலத்தை வெளியே விடுவதால் வரும் நிறம் அது. சுவரின் அடியில் உள்ள குகையிலிருந்து பாகீரதி ஒரேயடியாக, சாம்பல் நிறத்தில், இரைச்சலோடு புறப்படுகிறது. ஊற்று மாதிரி சொட்டுச் சொட்டாகத் தொடங்குகிற ஆறு அல்ல அது. பிறக்கும்போதே இடுப்பளவு ஆறு! என்னைப் பொறுத்தவரை இந்தக் காட்சிக்கு ஈடு இல்லை. ஆனால் சுவருக்கு மிக அருகில் போகாதீர்கள். பனிப்பாளங்கள் சொல்லாமல் கொள்ளாமல் உடைந்து விழும்.

கோமுகத்துக்கு இன்னொரு சிறப்பு, அதை நெடுங்காலமாக அளந்து வருகிறார்கள் என்பது. 1935ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ஜே.பி. ஆடன் முகப்பின் இடத்தை வரைபடமாக்கினார் (ஆங்கிலக் கவிஞர் ஆடனின் அண்ணன் அவர்). அன்றிலிருந்து இன்றுவரை அது ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருக்கிறது. சராசரியாக ஆண்டுக்குச் சுமார் இருபது மீட்டர். அப்பா தம் இளமையில் நின்ற இடத்திலேயே மகனும் போய் நின்றால், பனி இன்னும் அரைக் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும். "ரிட்டயர் ஆன பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிற அன்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். பனி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது, நம் முழங்காலோ கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது.

கேதார்நாத், பத்ரிநாத் யாத்திரை போகிறவர்கள் தாங்கள் அறியாமலே பனியாற்றின் வாசல்வரை போய்விடுகிறார்கள். கேதார்நாத் கோயிலுக்குப் பின்னால் மேலே இருப்பது சோராபாரி பனியாறு. பத்ரிநாத்துக்கு அப்பால், மானா கிராமத்தையும் வசுதாரா அருவிப் பக்கத்தையும் தாண்டிப் போனால் சதோபந்த், பகீரத் கரக் என்ற இரு பனியாறுகளின் முகப்பு. அலக்நந்தா அங்கே பிறக்கிறது. திவ்யதேச யாத்திரையாக பத்ரிக்குப் போகும் நம் பெரியவர்கள் மானா வரைக்கும் போய்த் திரும்பினாலே போதும். மேலே போக வேண்டியதில்லை.

சோராபாரியைப் பற்றிச் சொல்லும்போது 2013ஐச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டு ஜூன் 16, 17 தேதிகளில் பெருமழை பெய்து, அந்தப் பனியாற்றின் ஓரத்தில் கல்மண் குவியலால் அணைபோட்டு நின்றிருந்த ஏரி உடைந்தது. காந்தியடிகளின் அஸ்தியில் ஒரு பகுதி 1948இல் கரைக்கப்பட்டதால் காந்தி சரோவர் என்று பெயர் பெற்ற ஏரி அது. கேதார்நாத்தில் நடந்ததை எல்லோரும் அறிவோம். 2025 ஆகஸ்டு 5ஆம் தேதி கங்கோத்ரி சாலையிலுள்ள தராலி கிராமத்தை ஓர் ஓடை சேற்றோடும் பாறையோடும் வந்து மூடியது. இரண்டும் மழைக்காலம். எனவே ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன். நல்லவேளையாக மகாராஷ்டிரத்துப் பள்ளி விடுமுறை இதற்குப் பொருந்துகிறது: கங்கோத்ரி கோயில் நடை அட்சய திருதியையன்று திறக்கிறது, மே நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம்வரை போய் வரலாம். தீபாவளி விடுமுறை பொருந்தாது. தீபாவளியை ஒட்டி நடை சாத்திவிடுவார்கள், குளிரும் கடுமை.

குமாவுன் பக்கத்தில் பிண்டாரி பனியாறு நல்ல நடைக்காரர்களுக்கு. பாகேஷ்வர் மாவட்டத்தில் காட்டு வழியாகக் கிராமங்களைத் தாண்டிச் சில நாள் நடை. முடிவில் 'ஜீரோ பாயிண்ட்' என்ற இடத்தில், 3,600 மீட்டருக்குச் சற்று மேலே நின்று, எதிரே தொங்கும் பனியைப் பார்க்கலாம். உயரம் கோமுகத்தைவிடக் குறைவு, பாதை அழகு. சிங்ககட்டில் வாராவாரம் ஏறுகிற கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதையே முதலில் சொல்வேன்.

நடக்கவே முடியாதவர்களுக்கு இரண்டு உண்டு. ஒன்று காஷ்மீரில் சோனமர்க்கை ஒட்டிய தாஜிவாஸ். ஸ்ரீநகரிலிருந்து சோனமர்க் சுமார் 80 கிலோமீட்டர். 2025 ஜனவரியில் சுரங்கப்பாதை திறந்தபின் குளிர்காலத்திலும் சாலை உண்டு. சோனமர்க்கின் உயரம் 2,700 மீட்டரை ஒட்டியது. அங்கிருந்து சிறு தூரம் மட்டக்குதிரையில் போகலாம். பனியாறு சிறியது, சறுக்கு வண்டி விடும் இடத்தில் இருப்பது பெரும்பாலும் வெறும் பனிதான், உண்மையான பனியாறு மேலே மலை மடிப்பில் தொங்குகிறது. புனேயிலிருந்து ஜம்முவுக்கு ஜீலம் எக்ஸ்பிரஸ் நேராகவே போவதால் நம்மவர்களுக்கு வசதி. அந்தப் பகுதியில் எந்தெந்த இடம் பயணிகளுக்குத் திறந்திருக்கிறது என்பதைக் கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று லடாக்கில் ஸான்ஸ்கர் போகும் சாலையில் உள்ள திராங்-துருங். கார்கிலிலிருந்து பதும் போகும் வழியில் பென்சி-லா என்ற கணவாய், ஏறத்தாழ 4,400 மீட்டர். அங்கே வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகவே பார்க்கலாம்: இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பனியாறு, வளைந்து வளைந்து இறங்கி வருகிறது. 'பனி', 'ஆறு' என்ற இரண்டு சொல்லும் ஏன் சேர்ந்தன என்று பிள்ளைகளுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல இடம் நம் நாட்டில் இல்லை.

ஆனால் இங்கேதான் என் மூன்றாவது கேள்வி வருகிறது. எங்கள் குடியிருப்பில் ஒரு பெரியவர், அறுபத்தெட்டு வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். "நடையே இல்லை என்கிறீர்கள், கார் போகிறது, அப்புறம் என்ன?" என்று திராங்-துருங்குக்கே போவதாக இருந்தார். காருக்கு நடை இல்லை, நுரையீரலுக்கு உண்டு என்றேன். புனே கடல் மட்டத்திலிருந்து 560 மீட்டர். 4,000 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் ஐந்தில் மூன்று பங்குதான். உட்கார்ந்திருந்தாலும் அதே கணக்குத்தான். மேலும் அந்தச் சாலையில் இரவு தங்கும் ஊர்களே 3,600 மீட்டருக்கு மேலே. பெரிய ஆஸ்பத்திரி பல மணி நேரப் பயணத்தில். அவர் மனைவி என்னிடம் தனியாக, "நீங்கள் சொன்னால் கேட்பார், சொல்லுங்கள்" என்றார். இதய டாக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் உயரத்தை எழுதிக் காட்டிக் கேளுங்கள் என்று சொன்னேன். டாக்டர் வேண்டாம் என்றார். இருவரும் சோனமர்க் போய், குதிரையில் ஏறி, படம் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். திராங்-துருங் பார்க்காத குறை அவருக்கு இன்னும் இருக்கிறது. அடிக்கடி என்னைக் குத்திக் காட்டுவார். அதற்கு நான் கவலைப்படவில்லை.

ஆரோக்கியமானவர்களுக்கும் விதி உண்டு. 3,000 மீட்டருக்கு மேல் போனபின், ஒவ்வோர் இரவும் தூங்கும் உயரத்தை ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. கங்கோத்ரிக்குப் போகும்போது ஹர்சிலில் ஓர் இரவு, கங்கோத்ரியில் இரண்டு இரவு தங்கிவிட்டுப் போஜ்பாசாவுக்குக் கிளம்புவது நல்லது. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்தால் மேலே ஏறக் கூடாது. அதிகமானால் இரவானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். தைலம் தடவிக்கொண்டு சமாளிக்கிற தலைவலி அல்ல அது.

இனிக் கப்பல். அலாஸ்காவின் பெரிய வசதி, பனியாறு கடலுக்கே இறங்கி வந்துவிடுகிறது. உயரம் பூஜ்யம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கூட மேல்தளத்திலிருந்து பார்க்கலாம். நம் ஸ்டென்ட் பெரியவர் போன்றவர்களுக்கு, பிள்ளைகள் செலவு செய்யத் தயாராக இருந்தால், இமயத்தைவிட அலாஸ்காவே எளிது என்பது வேடிக்கையான உண்மை.

தாளில் வரும் பெயர்களில் முதன்மையானது கிளேசியர் பே. தேசியப் பூங்கா, ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்குத்தான் அனுமதி. கரையில் இறங்க முடியாது. பூங்கா அதிகாரிகள் கப்பலில் ஏறி விளக்கம் சொல்கிறார்கள். மார்ஜரி பனியாற்றின் முன் கப்பல் நின்று திரும்பும். சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலச் சுவர், தண்ணீருக்கு மேல் இருபது மாடிக் கட்டடத்தின் உயரம். இந்த வளைகுடாவின் வரலாறு வியப்பானது. 1794இல் ஜார்ஜ் வான்கூவரின் மாலுமிகள் வந்தபோது வளைகுடாவே கிடையாது என்று சொல்லலாம்; வாசலிலேயே பனி அடைத்திருந்தது. 1879இல் ஜான் ம்யூர் வந்தபோது பனி அறுபது கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கியிருந்தது. இன்று கப்பல் நூறு கிலோமீட்டர் உள்ளே போகிறது.

அடுத்தது ஹப்பர்ட். 120 கிலோமீட்டர் நீளம், முகப்பு மட்டும் பல கிலோமீட்டர் அகலம். மற்றவை பின்வாங்க, இது முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986இலும் 2002இலும் எதிர்க்கரைவரை போய் முட்டி, ரஸ்ஸல் ஃபியோர்டின் வாயையே அடைத்தது. உலகமெல்லாம் பனி குறையும்போது இது எப்படி என்று பிள்ளைகள் கேட்பார்கள். இதற்கு மேலே பனி சேரும் பரப்பு மிகப் பெரியது. கடலில் முடியும் பனியாற்றுக்குத் தனக்கென்று ஒரு போக்கும் உண்டு. கிளேசியர் பேயின் பழைய பின்வாங்கலும் பெரும்பகுதி தொழிற்சாலைப் புகைக்கு முன்னமே நடந்ததுதான். ஒரே ஒரு பனியாற்றைக் காட்டி உலகக் கணக்கை முடிக்கக் கூடாது. நிறையப் பனியாறுகளை, நிறைய ஆண்டு அளந்து பார்த்துத்தான் சூடு ஏறுகிறது என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள்.

டிரேசி ஆர்ம் என்ற குறுகிய கடற்பிளவும் பட்டியலில் இருக்கும். 2025 ஆகஸ்டு 10 அன்று அங்கே சாயர் பனியாற்றின் அருகில் மலைச்சரிவு ஏற்பட்டுப் பேரலை எழுந்தது. பனி விலகினால் அதுவரை அது தாங்கிக்கொண்டிருந்த மலைச்சுவர் தளர்கிறது. கேதார்நாத்தைப் பற்றிப் படித்த நமக்கு இது புதிதல்ல. உங்கள் தாளில் இந்தப் பெயர் இருந்தால், கப்பல் உண்மையில் எங்கே போகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மெண்டன்ஹால் என்பது ஜூனோ நகரத்திலிருந்து பஸ்ஸில் போய் ஏரிக்கு இக்கரையில் நின்று பார்ப்பது. எந்த வழியில் போனாலும் ஜூனோவில் கப்பல் நின்றால் கூடுதலாகப் பார்த்துக்கொள்ளலாம். அதற்காக வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

என் தீர்ப்பு: ஒரே ஒரு முறை போகிறவர்கள் கிளேசியர் பே உள்ள வழியையே எடுங்கள். ஹப்பர்ட் பெரியது என்றாலும், மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமானால் கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும். கோடைத் தொடக்கத்தைவிட ஜூலை, ஆகஸ்டு நல்லது. இன்னொன்று, பலர் கவனிக்காதது: சியாட்டிலில் கிளம்பிச் சியாட்டிலுக்கே திரும்பும் கப்பல்கள், அமெரிக்காவின் பழைய கப்பல் சட்டத்தின் காரணமாக, வழியில் கனடாவின் விக்டோரியா போன்ற ஒரு துறைமுகத்தைத் தொடும். இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்களுக்கு அமெரிக்க விசாவோடு கனடா விசாவும் தேவை. டிக்கெட்டுக்கு முன்னமே இதற்கு விண்ணப்பியுங்கள். (தயிர் சாதத்துக்கு விசா வேண்டாம், சொல்லி வைத்தால் கப்பலிலேயே கிடைக்குமாம்.)

ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. அட்லாஸை எடுத்து நான்கு இடங்களைக் குறியுங்கள்: ஆப்பிரிக்காவின் கிளிமாஞ்சாரோ, நம் புனே, கங்கோத்ரி, கிளேசியர் பே. ஒவ்வொன்றுக்கும் அது பூமத்திய ரேகையிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதை எழுதுங்கள். கிளிமாஞ்சாரோ 3, புனே பதினெட்டரை, கங்கோத்ரி 31, கிளேசியர் பே ஐம்பத்தெட்டரை என்று வரும். பனி இருக்கும் இடங்களில் அதன் உயரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்: 5,000 மீட்டருக்கு மேல், 4,000 மீட்டர், பூஜ்யம். புனேக்கு நேரே கோடு போட்டுவிட்டு, நம் சிங்ககட் எவ்வளவு உயரம் இருந்திருந்தால் அதன் மேல் பனியாறு இருந்திருக்கும் என்று ஊகித்து, அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வாருங்கள்.